செங்கோடன் கைவேலை

முப்பத்துநாலாம் மாடியில் செங்கோடன் வீட்டுக் கூடத்தில் கார் நின்றது. கார் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். தரையில் நிறுத்த இடம் ஏது? வெளிச்சுவரில் ஓடும் தூக்கி வருஷத்துக்கு ஒரு நாள் அதைக் கீழே இறக்கும். அன்றைக்கு மட்டும் ஆனைகட்டிச் சாலையில் சொந்தக் கையால் ஓட்டிக்கொள்ளலாம். மற்ற நாளெல்லாம் அது சோபா. கலாமணி பின்சீட்டில் சாய்ந்துகொண்டு பீன்ஸ் நறுக்கினாள்.

"ஏனுங்க, அது இன்னைக்கு வந்துருமுங்களா?"

"வந்துரும், வந்துரும்," என்றான் அவள் புருஷன் செங்கோடன். குரலில் பெருமை வழிந்தது.

அது என்றால் ஆய்வி, அரசாங்கத்தின் சோதனை இயந்திரம். கோயமுத்தூரில் வண்டிகள் தாமே ஓடித் தாமே பழுதும் பார்த்துக்கொண்ட காலம். கை எதற்கு இருக்கிறது என்பதே மனிதர்களுக்கு மறந்துவிடும் என்று பயந்து மனிதக்கைச் சட்டம் போட்டிருந்தார்கள். பெட்ரோல் கார் வைத்துக்கொள்ளலாம். பழுதை மட்டும் சொந்தக்காரரே வீட்டில் பார்க்க வேண்டும், இயந்திரம் தொடக் கூடாது. ஆய்வி வந்து எஞ்சினைப் பார்த்து மனித வேலைதான் என்று சான்று தந்தால் கார் தங்கும். தராவிட்டால் அன்றே வண்டிகளை நசுக்கும் நொறுக்காலைக்குப் போய்விடும்.

செங்கோடனின் காரில் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. எஞ்சினுக்குள் சுழன்று வால்வுகளை முறைவைத்துத் திறக்கிற தண்டு அது. அதன் மேடுகளில் ஒன்று மழுங்கினாலும் எஞ்சின் டொக்கு டொக்கென்று இருமும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மனுஷன் லீவு போட்டு உட்கார்ந்தான். ரேடியேட்டரைக் கழற்றினான், டைமிங் செயினை இறக்கினான், பழைய தண்டைக் கைக்குழந்தையைத் தூக்குகிற பதத்தில் உருவி எடுத்தான். புதியதற்கு எண்ணெய் தடவி உள்ளே செலுத்தி, பல்சக்கரங்களில் குறித்திருந்த புள்ளிகள் நேருக்கு நேர் வருகிறவரை விடவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் திரும்பத் திரும்ப அவிழ்த்து முடுக்கினான். விரல் கிழிந்தது. அடேயப்பா, என்ன பிடிவாதம்! கடைசியில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முனகாமல் ஓடியது. சந்தோஷம் தாங்காமல் கலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆய்வி வந்தது. மடக்கிய குடை மாதிரி ஒல்லியாக இருந்தது. எஞ்சினுக்குள் ஒற்றைக் கண்ணை நீட்டிப் பார்த்துவிட்டு, "இது மனித வேலை இல்லை," என்றது.

"நான்தாங்க செஞ்சேன்."

"எல்லா போல்ட்டும் ஒரே இறுக்கம். வால்வு இடைவெளி எல்லாம் ஒரே அளவு. மூடிகளை ஒட்டும் பசை எங்கும் பிதுங்கவில்லை. ஒரு போல்ட் கூட மிஞ்சவில்லை. மனிதர்கள் இப்படிச் செய்வதில்லை."

கலாமணி புருஷனின் விரலைப் பிடித்து நீட்டினாள். "இந்தக் காயத்தப் பாருங்க."

"கீழ் வீட்டிலும் கட்டுப்போட்ட விரலைக் காட்டினார்கள். சாயங்காலம் தூக்கியோடு வருகிறேன். மறுப்பு இருந்தால் அப்போது சொல்லுங்கள்."

ஆய்வி போன பிறகு செங்கோடன் காரின் மட்கார்டில் கை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது. அந்த அடுக்குமாடிக் கோபுரம் முழுமைக்கும் பொதுவான வேலை இயந்திரமான பணிவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தது.

"ஐயா, இதை நான் மனித வேலையாக மாற்றித் தரட்டுமா?"

"நீ தொட்டாச் சட்டப்படி தப்பு."

"தொடாவிட்டால் நொறுக்காலை, ஐயா."

"வண்டி தங்குனாப் போதுமுங்க. செய்யட்டும் விடுங்க," என்றாள் கலாமணி.

பணிவி வேலையில் இறங்கியது. நாலு போல்ட்டைத் தளர்த்தியது, இரண்டை மறை கழன்றுபோகும்படி முறுக்கியது. வால்வு இடைவெளியை ஏறுக்குமாறாக்கியது. பசையை வாரி அப்பியது. தண்ணீர்க் குழாயைச் செம்புக் கம்பியால் கட்டியது. கிரீஸ் கையைச் சுவரில் துடைத்தது. ஒரு போல்ட்டை டீ தம்ளருக்குள் போட்டு வைத்தது. செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் ஆய்வி வந்தபோது, "மிஷின் செஞ்சதையெல்லாம் பிரிச்சுப்போட்டுட்டு நானே திரும்ப மாட்டுனேனுங்க," என்று பொய் சொன்னான். எஞ்சின் பழையபடி இருமியது. ஆய்வி டீ தம்ளரை எட்டிப் பார்த்தது.

"இதுதான் மனிதக் கை," என்று மனதாரப் பாராட்டிச் சான்று கொடுத்துவிட்டு, தூக்கியையும் கூட்டிக்கொண்டு போனது.

"அதுக்கு மனுஷ வேலையப் பத்தி என்ன தெரியும்?" என்று பணிவியிடம் எரிந்து விழுந்தான் செங்கோடன்.

"சான்று பெற்ற எஞ்சின்களைப் பார்த்துத்தான் கற்கிறது, ஐயா. இந்தக் கோபுரத்தில் அவை எல்லாம் என் வேலை. மற்றக் கோபுரங்களில் என்னைப் போன்றவர்களின் வேலை. மனிதர் செய்ததை அது பார்த்தது இன்று முதலில் வந்தபோதுதான், அதுவே முதல் தடவை."

சான்று கிடைத்த சேதி கேட்டுக் கீழ் வீட்டு ரங்கராசுவும் அவர் மனைவி தெய்வாத்தாளும் முறுக்குத் தட்டோடு வந்தார்கள்.

"அப்புறம், யாரு மாட்டுனது?" என்று கேட்டார் ரங்கராசு.

"கேம்ஷாஃப்ட் முழுக்க நானேதானுங்கண்ணா மாட்டுனேன். என் கையால."

ரங்கராசு பணிவியைப் பார்த்தார், செங்கோடனைப் பார்த்தார், தோளில் தட்டினார். "அட, நம்மகிட்டயுமா? நாங்களும் அப்படித்தானப்பா சொல்லிட்டிருக்கறோம்."

செங்கோடன் தன் கிழிந்த விரலைப் பார்த்துக்கொண்டான். எவ்வளவு சொன்னாலும் இனி யாரும் நம்பப் போவதில்லை.

"முறுக்கு எடுத்துக்க தம்பி," என்று தெய்வாத்தாள் தட்டை நீட்டினாள். "மத்தியானம் பூராவும் நின்னு நானே சுத்திச் சுட்டேன்."

ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுற்று கோணலாக இருந்தது. ஓரம் லேசாகக் கருகியிருந்தது. பணிவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நம்மகிட்டயுமாக்கா?"

தெய்வாத்தாள் எண்ணெய் தெறித்துக் கொப்பளித்திருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.