ஆப்பிள் வாசனை அடித்த குதிரைக்குட்டி

புல்வெளியில் இருந்த உயங்காவின் கூடார வீட்டில் குதிரைக்கு என்ன வந்தாலும் மருந்து அடுப்பங்கரையிலிருந்துதான் வரும். கண்ணில் பீளை கட்டினால் ஆறவைத்த கட்டித் தேநீரால் கழுவுவார்கள். குளம்பு வெடித்தால் செம்மறி வால்கொழுப்பை உருக்கித் தடவுவார்கள். ஈ மொய்த்தால் வறட்டியைக் கொளுத்திப் புகை போடுவார்கள். காசு கொடுத்து வாங்கியது என்று ஒன்றுமே கிடையாது. அதில் உயங்காவுக்கு வெட்கமும் இருந்ததில்லை, பில்கூன் வந்து வாயைத் திறக்கும்வரை.

பில்கூன் பக்கத்துக் கூடாரத்துப் பையன். பக்கம் என்றால் குன்றைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவு பக்கம். குதிரையை விட்டு இறங்காமலே அவன் உயங்காவின் செல்லக் குட்டியை மேலும் கீழும் பார்த்தான்.

"எங்க குட்டிய எல்லாம் மாமா டவுன்லேருந்து வாங்கிட்டு வந்த ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்கோம். சும்மா பளபளன்னு இருக்கு. உங்க பழுப்பன் என்ன, சாணியில புரண்ட மாதிரி இருக்கான்?"

"சாணியிலதான் புரண்டான்," என்றான் உயங்காவின் தம்பி துல்கா. அவனுக்கு ஆறு வயது. உண்மையை உள்ளே வைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை.

"நாளைக்கு உங்க வீட்ல இந்த வருஷத்து மொதக் குதிரைப்பால் கறக்குற விழா. சுத்துவட்டாரமே வரும். இப்படியேவா நிறுத்தப் போறீங்க?" என்று பில்கூன் சிரித்தான். பிறகு குதிரையைத் தட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான்.

அவன் போய்விட்டான். அவன் சொன்னது மட்டும் போகவில்லை.

பழுப்பன் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவன் அம்மா சாம்பலிக்கு அதுதான் முதல் குட்டி. சாம்பல் நிறம், அதனால் சாம்பலி. பழுப்பு நிறம், அதனால் பழுப்பன். தலைகால் புரியாமல் நாலு காலையும் நாலு திசையில் வைத்து நடக்கிற அந்தக் குட்டியை உயங்கா யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அதை ஒருவன் கேலி செய்துவிட்டுப் போனதை அவளால் தாங்கவே முடியவில்லை.

அன்று காலைதான் அப்பா சாம்பலியின் குளம்பில் கொழுப்பு தடவி, அது காயும்வரை நடக்கக் கூடாது என்று கம்பத்தில் கட்டியிருந்தார். அப்பாவும் அம்மாவும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போயிருந்தார்கள். பழுப்பன் புல்லில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

உயங்கா கூடாரத்துக்குள் போனாள். அம்மாவின் பெட்டியில், பண்டிகைக்குத் தலை குளிக்கவென்று வைத்திருந்த பச்சை ஷாம்பு பாட்டில் இருந்தது. மேலே ஒரு ஆப்பிள் படம்.

"அது அம்மாவோடது," என்றான் துல்கா.

"கொஞ்சூண்டுதான்டா. நீ தண்ணி ஊத்து, போதும்."

"அம்மா கேட்டா?"

உயங்கா அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு கூரைமேல் காயவைத்திருந்த தயிர்க்கட்டிகளில் பெரிதாக ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள். கல் மாதிரி இருக்கும் அந்தத் தயிர்க்கட்டி கரைய அரைநாள் ஆகும். அதுவரை அவன் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

இரண்டு பேரும் குட்டியை ஓடைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பின்னாலிருந்து சாம்பலி கனைத்தது. கயிறு இழுபட, கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மறுபடியும் கனைத்தது.

"இரு, இரு, உம் பிள்ளைய அழகாக்கிக் கூட்டிட்டு வர்றேன்," என்று உயங்கா திரும்பிப் பார்த்துக் கத்தினாள். பிற்பாடு அந்த வார்த்தைகளை நினைத்து நினைத்து அவள் அழுதாள்.

ஓடைத் தண்ணீர் சில்லென்று இருந்தது. பழுப்பன் நடுங்கினான். உயங்கா அவன் பிடரியிலும் முதுகிலும் வாலடியிலும் நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தாள். துல்கா தொப்பியில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினான். வெயிலில் நிறுத்தித் துடைத்து முடித்தபோது குட்டி பட்டுத்துணி மாதிரி மின்னியது. ஆப்பிள் வாசனை ஓடை முழுக்க வீசியது.

"பில்கூன் மூஞ்சி போற போக்கப் பாக்கணும்!" என்றாள் உயங்கா.

"ம்ம்க்," என்றான் துல்கா. தயிர்க்கட்டி அவ்வளவுக்குத்தான் இடம் விட்டது.

பழுப்பனுக்குப் பசி. திரும்பி வந்து, கம்பத்தருகே அம்மாவைக் கண்டதும் ஓட்டமும் தடுமாற்றமுமாகப் போய் மடியைத் தேடினான். சாம்பலி ஆவலோடு கழுத்தை நீட்டி அவனை மோந்தது. மோந்ததும் அதன் காதுகள் பின்னால் படிந்தன. வீல் என்று ஒரு சத்தம் போட்டுப் பின்காலைத் தூக்கியது.

உதை குட்டியின் மார்பில் விழுந்தது. பழுப்பன் உருண்டு எழுந்து, திகைத்துப்போய் நின்றான். பிறகு மறுபடியும் அம்மாவிடமே போனான். மறுபடியும் உதை வாங்கினான்.

உயங்காவுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஓடிப்போய்க் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தபோதும் அதே கதைதான். அப்பா சாம்பலியின் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"பால் கட்டியிருக்கு. வலி தாங்காம உதைக்குதோ?"

அப்பா குனிந்து குட்டியையும் பார்த்தார். ஆனால் காலையிலிருந்து மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவர் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாது. பக்கத்தில் தோல் பதனிட்டால்கூட அவருக்குத் தெரியாது என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அம்மா மட்டும் மூக்கைச் சுருக்கினாள். "எங்கேருந்து ஆப்பிள் வாசனை வருது? உயங்கா, நீ தலை குளிச்சியா?"

சொல்லிவிட அதுதான் நல்ல நேரம். உயங்காவின் வாய் திறந்தது. ஆனால் வந்தது வேறு.

"ம்ம். குளிச்சேன்."

துல்கா அக்காவைப் பார்த்தான். கண் இரண்டும் பெரிதாக விரிந்தன. வாயில் தயிர்க்கட்டி இன்னும் முக்கால்வாசி இருந்தது.

அம்மா வெந்நீர் வைத்துத் துணி நனைத்து சாம்பலியின் மடிக்கு ஒத்தடம் கொடுத்தாள். அப்பா அடுத்த ஒத்தடத்துக்கு உப்பைக் கரைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயங்கா தள்ளி நின்று பார்த்தாள். அவர்கள் ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். குட்டியைக் குளிப்பாட்டியது தெரியாமல் செய்தது. இந்தப் பொய் தெரிந்தே சொன்னது. ஆனாலும் நேரம் போகப் போக அதைத் திருப்பி எடுப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

பழுப்பன் துல்காவின் சட்டைக் கையைச் சப்பினான். அதில் பால் வரவில்லை. கம்பத்தில் தொங்கிய கயிற்றைச் சப்பினான். கடைசியில் உயங்காவிடம் வந்து அவள் விரலை வாயில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிச் சப்ப ஆரம்பித்தான்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"அப்பா!" என்று கூப்பிட்டாள். "நான் தலை குளிக்கல. பழுப்பனத்தான் குளிப்பாட்டினேன். அம்மாவோட ஷாம்புல. வாலடி வரைக்கும் தேச்சேன்."

அப்பா உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் தண்ணி ஊத்தினேன்," என்றான் துல்கா. தயிர்க்கட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

அப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. சாம்பலியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "பாவம், இதுக்கு மொதக் குட்டி. மோந்துதான் இது எம் பிள்ளைன்னு தெரிஞ்சுக்கும். இப்ப யாரோட பிள்ளைன்னு நெனச்சுதோ" என்றார்.

அம்மா சாம்பலியின் பாலையே கொஞ்சம் கறந்து குட்டியின் முதுகில் பூசிப் பார்த்தாள். சாம்பலி மோந்தது. ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. அப்புறம் மறுபடி காதுகள் படிந்தன.

"இப்ப ஆப்பிள் போட்ட பால் வாசனை வருது," என்றான் துல்கா வருத்தமாக.

"பொழுது சாயறதுக்குள்ள ஏத்துக்கலன்னா ஆட்டுப்பாலப் புட்டியில ஊத்திக் குடுக்க வேண்டியதுதான்," என்றார் அப்பா. "போன வருஷம் அந்தச் செவலைக் குதிரையோட குட்டிக்குக் குடுத்தோமே..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. அந்தக் குட்டி பிழைக்கவில்லை என்பது உயங்காவுக்குத் தெரியும்.

அவள் சாம்பலியைப் பார்த்தாள். காலையிலிருந்து குட்டிக்காகக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி அதன் கழுத்திலும் மார்பிலும் வேர்வை வழிந்து, காய்ந்து, உப்பாகப் படிந்திருந்தது. கிட்டப் போனால் குப்பென்று குதிரை வாசனை அடித்தது. சாம்பலியின் வாசனை. பழுப்பன் பிறந்த நாளிலிருந்து ஒட்டி உரசி உரசித் தன்மேல் பூசிக்கொண்டிருந்த அதே வாசனை.

அதைத்தான் கழுவி ஓடையில் விட்டுவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, வேர்வை வழிக்கிற மரக்கட்டை எங்க?"

"எதுக்கு? பந்தயமா நடக்குது இங்க?"

"சாம்பலி வேர்வைய வழிச்சுப் பழுப்பன் மேல பூசலாம்ப்பா. எங்கெங்க ஷாம்பு போட்டேனோ அங்க எல்லாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூடாரத்துக்குள் போய், பந்தயக் குதிரைக்கு மட்டும் எடுக்கும் அந்த நீளக் கட்டையைக் கொண்டுவந்தாள். உயங்கா வெந்நீரைக் கொஞ்சம் தெளித்து, சாம்பலியின் கழுத்திலிருந்தும் அக்குளிலிருந்தும் பழுப்பாக, கொழகொழவென்று வழித்தெடுத்தாள். கிண்ணத்தில் பார்க்கவே சகிக்கவில்லை.

குட்டியைத் தொடப் போனவள் சட்டென்று நின்றாள். தன் கைகளை மோந்து பார்த்தாள். இன்னும் ஆப்பிள்தான்.

உடனே அடுப்புச் சாம்பலை அள்ளிக் கையைத் தேய்த்தாள். வாசனை போகவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, குதிரைச் சாணியில் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டாள்.

"அய்யோ அக்கா!" துல்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். "நீ இன்னிக்கு வெளியிலதான் தூங்கணும்!"

"தூங்கறேன் போடா," என்றாள் உயங்கா.

அவள் பழுப்பன்மேல் அதைப் பூசினாள். நெற்றி, பிடரி, முதுகு, வாலடி. மின்னிய பட்டெல்லாம் போய், குட்டி சேற்றில் விழுந்து எழுந்ததுபோல் ஆனது. அப்பா சாம்பலியின் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டார். அம்மா குட்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

சாம்பலி மோந்தது. நெற்றியை மோந்தது. முதுகு வழியே மூக்கை இழுத்துக்கொண்டே போய் வாலடியில் நிறுத்தியது. அங்கேயே ரொம்ப நேரம் நின்றது.

அப்போது சாம்பலியின் தொண்டைக்குள்ளிருந்து தணிந்த, கரகரத்த ஒரு கனைப்பு வந்தது. தாய்க்குதிரை குட்டியிடம் மட்டும் பேசுகிற குரல் அது. பிறகு நாக்கை நீட்டி பழுப்பனின் முதுகை நக்க ஆரம்பித்தது.

"ஏத்துக்கிச்சு!" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

சாம்பலி ஏற்றுக்கொண்டது. பழுப்பன்தான் நகரவில்லை. மடி ஒரு எட்டில் இருந்தது, வயிறு ஒட்டிப்போயிருந்தது. ஆனாலும் அவன் பயந்துபோய் அங்கேயே நின்றான். சாம்பலி ஈ கடித்து ஒரு காலை அசைத்தாலும் துள்ளிப் பின்வாங்கினான். மார்பில் உதைபட்ட இடம் வீங்கியிருந்தது. காலையில் தடுமாறிக்கொண்டே அம்மாவிடம் ஓடினானே, அந்த ஓட்டம் இப்போது இல்லை.

வீக்கத்துக்கு உப்பு ஒத்தடம் போதும். இந்தப் பயத்துக்கு என்ன பூசுவது என்று உயங்காவுக்குத் தெரியவில்லை. "நான் ஏன் இப்படிச் செஞ்சேன்" என்று முனகிக்கொண்டு, சாணிக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அழுதாள்.

"எல்லாரும் தள்ளி வாங்க," என்றார் அப்பா. "நாம கிட்ட நிக்க நிக்க அவன் வர மாட்டான்."

நாலு பேரும் எட்டப்போய்ப் புல்லில் உட்கார்ந்தார்கள். வெயில் மஞ்சளானது. பழுப்பன் ஒரு எட்டு வைத்தான். நின்றான். இன்னொரு எட்டு வைத்தான். கழுத்தை முடிந்தமட்டும் நீட்டி, உடம்பைத் தூரத்திலேயே வைத்துக்கொண்டு, உதட்டால் மட்டும் மடியைத் தொட்டான். சாம்பலி அசையவே இல்லை. ஒரு காலைக்கூடத் தூக்கவில்லை.

பிறகு சப் சப்பென்று பால் குடிக்கும் சத்தம் அவர்கள் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது.

அம்மா உயங்காவின் முதுகில் கை வைத்தாள். அப்படி ஒரு நாற்றம் அடித்தும் கையை எடுக்கவில்லை.

"அப்பா," என்றாள் உயங்கா மெதுவாக, "நான் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கட்டுமா?"

"என்னைய எதுக்குக் கேக்குற?" அப்பா சாம்பலியைக் காட்டினார். "அதக் கேளு."

உயங்கா எழுந்து நின்றாள். சாம்பலி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அதன் காதுகள் மெல்லப் பின்னால் போயின.

"சரி, சரி," என்றாள் உயங்கா. நின்ற இடத்திலேயே மறுபடி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நீ சொல்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."