ஏழு நாள் ஆள் வராத மலை

"ஐயோ... இங்க ஆளு கெடக்கு!"

வீரம்மாவின் அலறல் ஏழாம் நம்பர் மலையிலிருந்து வந்தது.

மணி பகல் பன்னிரண்டேகால். கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை.

அன்று காலையில்தான் அந்த மலையில் கொழுந்து எடுத்து முடித்திருந்தார்கள். வீரம்மா அங்கே திரும்பி வரவேண்டிய அவசியமே இல்லை. மரத்தடியில் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலை எடுக்க வந்தாள்.

போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கால்... செருப்பில்லாத கால்!

தேயிலைச் செடிகளுக்கு அடியில் யாரோ இழுத்துச் செருகிய உடம்பு. கழுத்து, ஒரு காதிலிருந்து மறு காதுவரை திறந்து கிடந்தது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன்.

என் தம்பி சுதாகரன்.

அன்று காலை ஐந்தரை மணிக்கு அவன் கொழும்புத் துறைமுக வாசலில் சிரித்துக்கொண்டு நின்றான்.

சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல். மாலை ஆறு மணிக்குத் திரும்பக் கிளம்பிவிடும். இறங்குகிற பயணிகளுக்கு இரண்டே வழி. கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸில் கைடோடு போகலாம். இல்லாவிட்டால், வாசலில் நிற்கும் வேன்காரர்களிடம் பேசித் தனியாகச் சுற்றலாம்.

பஸ்ஸுக்குக் கைடு நான். ஷாமிலா. வேன்காரர்களில் ஒருவன் என் தம்பி. வாசலில் ஆள் பிடிப்பதில் அக்காவும் தம்பியும் ஜென்ம விரோதிகள்!

அன்று எங்களுக்கு நடுவில் இரண்டு பேர் மாட்டினார்கள். ஒருவர் முத்துலிங்கம். ஐம்பது வயது, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. இன்னொருவர் நிரஞ்சன். கழுத்தில் கேமரா தொங்கும் இளைஞர். இருவருக்கும் மலைநாடு பார்க்க ஆசை.

"அக்கா பஸ்ல போனா, ஒன்னுக்குப் போறதுக்கும் அவ கைதூக்கச் சொல்லுவா சேர்," என்றான் சுதாகரன். "நம்ம வேனு நீங்க சொல்ற எடத்துல நிக்கும்."

"நீங்க சொல்ற எடத்துல நிக்காது சேர்," என்றேன் நான். "அதுக்குத் தோணுற எடத்துல நிக்கும்."

முத்துலிங்கம் சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார். தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

சுதாகரன் முன்கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தான்.

அவன் சிரிப்பு நின்றது.

அரை நிமிடம்கூட இருக்காது... முத்துலிங்கம் இறங்கிவிட்டார். வயதாகிவிட்டது, கைடோடு போவதுதான் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே என் பஸ்ஸில் ஏறினார். நாற்பதாவது ஆள். பஸ் நிறைந்தது. காலியான வேனில் நிரஞ்சன் ஏறிக்கொண்டார்.

நான் தம்பிக்குப் பழிப்புக் காட்டினேன். அவன் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தோட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் ஒரு மணிக்கு வந்தார். வந்த பத்தாவது நிமிடம் கொலைகாரனைப் பிடித்துவிட்டார்.

நிரஞ்சன்!

அவர்மேல் சந்தேகப்பட ஆயிரம் காரணம் இருந்தது. நிரஞ்சனுக்கு நேரே நுவரெலியா போகவேண்டும். சுதாகரனோ அவர் பேச்சைக் கேட்காமல் என் பஸ்ஸின் பின்னாலேயே வந்து தோட்டத்தில் வேனை நிறுத்தியிருக்கிறான். தொழிற்சாலை வாசலில் இருவரும் வாய்ச்சண்டை போட்டதைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். இப்போது நிரஞ்சனின் சட்டை முழுக்க இரத்தம். அலறல் கேட்டு முதலில் ஓடியவர் தான்தான் என்றும், உயிர் இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்ததாகவும் அவர் கெஞ்சினார்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் ஒரே கேள்வி கேட்டார். தூக்கிப் பார்த்தவன் சட்டையில் இவ்வளவு இரத்தமா?

நான் கேட்கவேண்டிய கேள்வி வேறு.

"நிரஞ்சன், என்னப் பாருங்க. இந்தத் தோட்டத்துல ஒரு சாமான ஒளிக்கணும். ஒரு கிழமைக்கு யாரு கண்ணுலயும் படக் கூடாது. எங்க ஒளிப்பீங்க?"

அவர் மிரண்டு போய்ச் சுற்றிலும் பார்த்தார். பாதைக்கு அந்தப் பக்கம் எட்டாம் நம்பர் மலை. இளம்பச்சைக் கொழுந்து செடிக்குச் செடி மண்டி நின்றது.

"அதோ... அதுல. ஆளே போகாம வளர்ந்து கிடக்கே."

பக்கத்தில் நின்ற செல்லசாமி கங்காணி அந்த நேரத்திலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெடிஞ்சா முப்பது பொம்பளைங்க கூடையோட எறங்குற மலை தம்பி அது."

அதேதான்!

ஊருக்குப் புதியவன் கண்ணுக்குக் கொழுந்து மண்டிய மலை அநாதையாகத் தெரியும். எடுத்து முடித்த மலை ஆள் புழங்குகிற இடமாகத் தெரியும். உண்மை தலைகீழ். கொழுந்து நிற்கிற மலைக்கு நாளை ஆள் வரும். எடுத்து முடித்த மலையில் அடுத்த கொழுந்து தலை நீட்ட ஏழு நாள் ஆகும். அதுவரை காக்காய்கூட எட்டிப் பார்க்காது.

என் தம்பியை ஒளித்தவனுக்கு அது தெரிந்திருந்தது.

தோட்டத்து ஆட்களா? அந்த நேரத்தில் அத்தனை பேரும் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கங்காணியின் கண்முன் நின்றார்கள்.

வேறு யாருக்குத் தெரியும்?



பத்தே முக்காலுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இதே பாதையில், நாற்பது பேரை நிறுத்தி வைத்து, மைக்கில்! பேச்சின் நடுவில் என் போன் அடித்தது. சுதாகரன். வேலை நேரத்தில் என்ன விளையாட்டு என்று வெட்டிவிட்டேன். வெட்டிய கையோடு கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அப்ப ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் யாருமே வரமாட்டாங்களாம்மா?"

நல்ல கேள்வி சேர் என்று பாராட்டினேன். ஏழாம் நம்பர் மலையைக் கைநீட்டிக் காட்டி, யாருமே வரமாட்டார்கள் என்றேன்.

கேட்டவர் முத்துலிங்கம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு விட்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். கொழுந்துக் கதையை வைத்து வழக்குப் போட முடியாது என்றார். துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது, பஸ்ஸை அனுப்பிவிட்டுத் தம்பிக்கு ஆகவேண்டியதைப் பார் என்றார்.

பஸ்ஸை அனுப்பினால் முத்துலிங்கம் கப்பலில். கப்பல் கடலில்.

வீரம்மாவின் இடுப்பிலிருந்த உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கொழுந்து எடுக்கிறவர்கள் அட்டைக் கடிக்கு வைத்திருக்கிற உப்பு.

"மழைக் காலம். அட்டை ஏறியிருக்கும். எல்லாரும் காலக் கொஞ்சம் காட்டுங்க."

வரிசை வரிசையாகப் பார்த்தேன். யார் காலிலும் ஒன்றுமில்லை. இருக்காது. என் ஆட்களை நான் கொங்கிரீட் பாதையை விட்டு இறக்கவே இல்லை.

கடைசி வரிசை. முத்துலிங்கம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இழுத்து என்ன? வெள்ளைக் காலுறையில் மூன்று இடத்தில் சிவப்பு ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. அட்டை விழுந்த பிறகும் கடிவாயில் இரத்தம் லேசில் நிற்காது.

"பாதையில அட்டை ஏறாதே சேர்..."

"ஒதுங்கப் போனேம்மா."

"ஏழாம் நம்பர் மலைக்கா?"

அவர் கை மடியிலிருந்த பைக்குள் போனது. வெளியே வந்தபோது, தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தி! தொழிற்சாலை வாசலில், பயணிகள் பிடித்துப் படம் எடுக்க வைத்திருந்த கத்தி. போகிற வழியில் கடலில் போட, மழைக்கோட்டில் சுற்றி வைத்திருந்தாராம்.

என் முடியைப் பிடித்து இழுத்து, கழுத்தில் வைத்தார். கத்தியில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. என் தம்பியின் இரத்தம்.

"டிரைவர், கதவ மூடிட்டு வண்டிய எடு. கொழும்புக்கு."

"கப்பலப் பிடிக்க முடியாது," என்றேன்.

"பிடிக்க வேணாம். அது நிக்கும். தனியாப் போனவனத்தான் விட்டுட்டுப் போவான். கம்பெனி பஸ் எவ்வளவு லேட்டானாலும் காத்திருப்பான். பின்ன எதுக்கு உன்னோட வந்தேன்?"

"என் தம்பி உங்கள என்ன செஞ்சான்?"

"நாலு வருசத்துக்கு முந்தி என் படகுல ஏறுனான். மத்தவனுங்க மாதிரி ஒழுங்கா முங்காம நீந்தி வந்துட்டான். இன்னிக்கு வந்து, லயத்துக்கு வா, செத்தவனுங்களோட அம்மாமார் மொகத்தப் பார்த்துச் சொல்லுன்னான். தனியாப் பேசலாம்னு கூப்பிட்டேன்... வந்தான்."

நாலு வருடத்துக்கு முன், நீர்கொழும்புப் பக்கமிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய படகு. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயங்களிலிருந்து பன்னிரண்டு பேர். திரும்பியவன் சுதாகரன் ஒருவன்தான். ஏஜெண்டின் முகத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு இருந்ததும் அவன் ஒருவன்தான்.

மற்ற பதினொரு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர் தனுஷன்.

என் கையில் உப்பு இருந்தது. முழுப் பொட்டலம்.

அவர் கண்ணுக்குள் வைத்துத் தேய்த்தேன்.

அவர் ஊளையிட்டார். கத்தி என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. முன் சீட்டிலிருந்த ஒரு சென்னை அம்மாள் வெந்நீர்ப் பிளாஸ்கால் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். கத்தி விழுந்தது.

அவர் தலையைப் பிடித்து சீட் கம்பியில் மோதினேன். தனுஷனுக்கு ஒன்று. சுதாகரனுக்கு ஒன்று. பல் உதிர்ந்தது. அதற்குப் பிறகு யார் யாருக்கு என்று நான் எண்ணவில்லை. நாற்பது பேரையும் நாள் முழுக்க எண்ணுகிறவள், அதை மட்டும் எண்ணவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து என்னைப் பிய்த்து எடுத்தார். பஸ்ஸிலிருந்த முப்பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னார்கள்.

நிரஞ்சனின் கைவிலங்கைக் கழற்றி, அதே விலங்கை அந்த ஆளுக்கு மாட்டினார்கள். நிரஞ்சனுக்கு வேனும் இல்லை, ஓட்டியவனும் இல்லை. பஸ்ஸில் ஒரு சீட் காலியாக இருந்தது. ஏறச் சொன்னேன். அவர் என் கட்டுப் போட்ட கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார்.

பஸ் மூன்று மணிக்குத்தான் கிளம்பியது. நான் போகவில்லை.

மாலை ஐந்தரை. ஆஸ்பத்திரிப் பிரேத அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

இந்த முறை வெட்டவில்லை.

கப்பல் அதிகாரி. பஸ் வரும்வரை கப்பல் நிற்கும் என்றார். எண்ணிக்கை சரிதானா என்று கேட்டார்.

"நாப்பது பேர் சரியா இருக்காங்க சேர். ஒரு பேரை மட்டும் மாத்திக்குங்க. முத்துலிங்கம்னு ஒருத்தர் மனசு மாறிட்டாரு. தனியாச் சுத்திப் பார்க்கிறேன்னு இங்கயே நின்னுட்டாரு."

அதிகாரி பதறினார். தனியாகப் போகிறவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை. வாகன வசதியாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு சேர். ஜீப்பு. கூட நாலு கைடு... நாலு பேருமே காக்கிச் சட்டை."