தைத்து வைத்த அத்தியாயங்கள்

“அந்தத் துறவிதாங்க கொலைகாரன்!”

குரல் கேட்டுப் பெற்றீசியா விருட்டென்று நிமிர்ந்தாள். கண்டி ரயில் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற இளைஞனின் பார்வை, அவள் மடியிலிருந்த ஆங்கில நாவலின் மேல் இருந்தது. பாழடைந்த கோட்டை, பூட்டிய நிலவறை, காணாமற்போகும் வாரிசு... அவ்வாண்டு சீனியர் பரீட்சைக்குரிய பாடநூல். அவனிடமும் அதே நூல்!

“உங்களுக்கு வெக்கமில்லையோ? அந்தக் கதையிலை ஒரே நல்ல மனுசன் அவர்தான். அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதி வைச்சிருக்கிறன்.”

“நாலு பக்கமா? ஐயோ பாவம்... பதினேழாம் அத்தியாயம் வாசிக்கலீங்களா?”

அவன் கக்கத்தில் ஹந்தானைத் தோட்டப் பாடசாலையின் மாணவர் வரவு இடாப்பு தெரிந்தது. “தோட்டத்து வாத்திமாருக்கு இங்கிலிசு நாவல் விளங்கினால்தானே!” என்றாள்.

அவன் சினக்கவில்லை. மழைத்துளி தங்கிய இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் ஒரு கணம் வாடின... அவ்வளவுதான்.

வீடு திரும்ப, பிலிமத்தலாவை போகும் ரயிலில் அவள் நூலைப் புரட்டினாள். இளம் பெண்களுக்கு ஆகாத பக்கங்களை வெள்ளை நூலால் தைத்த பின்னரே நாவல்களைக் கொடுப்பது அவள் படிக்கும் கன்னியர் மடத்துச் சிஸ்டர்மாரின் வழக்கம். தையலைப் பிரிப்பதில்லை என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். பதினேழும் பதினெட்டும் தைக்கப்பட்டிருந்தன. காதல் காட்சிகளாக்கும் என்றல்லவா நினைத்திருந்தாள்! துறவி ஒருவர் கொலை செய்தால்... சிஸ்டர்மார் வேறென்ன செய்வார்கள்?

பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரங்கள். அப்பா அனுமதித்தது ஒரே ஒரு தடவை. தேறினால் ஆசிரியை; தவறினால் அடுப்படி. தவறக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை, கண்டி வகுப்புக்குத் துணைக்கு வரும் றோஸ் சின்னம்மாவையும் இழுத்துக்கொண்டு, அதே நிலையத்தில் அவன் முன்னால் போய் நின்றாள்.

“மாஸ்டர், போன கிழமை நான் சொன்னது பிழை. தோட்டம் எண்டு இளக்காரமாச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. மன்னிக்க வேணும்.”

“வலன்ரைன்னு பேருங்க,” என்றான் அவன். “புத்தகம் வேணுமா?”

“வேண்டாம். தைச்ச பக்கத்தை வாசிக்க மாட்டன். ஆனா, ஆராவது வாசிச்சால் காதைப் பொத்துவன் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்றே வாசித்தான்... வாரிசுக்குத் துறவி நஞ்சு கலக்கும் இடத்தில் சின்னம்மாவின் செபமாலை நின்றுவிட்டது.

“பிறகு, தம்பி? பிள்ளை குடிச்சிட்டானோ?”

அதன் பிறகு சனிதோறும் பாத்திரங்களை அலசினார்கள். துறவியின் பேராசை, கோட்டையின் குற்ற உணர்வு, வாய் திறக்காத கதாநாயகி... வாதிட்டார்கள், முறைத்தார்கள், மறுபடியும் வாதிட்டார்கள்.

பரீட்சை வந்தது, துறவியைப் பற்றிய வினாவும் வந்தது. ஆறு பக்கம் எழுதினாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் மறுபடியும் கண்டிக்குக் கிளம்பினாள்.

“பரீட்சைதான் முடிஞ்சுதே பிள்ளை?”

“வாங்கோ சின்னம்மா,” என்றாள், அவ்வளவே.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் அங்கே நின்றான்... கையில் நூலில்லை, இடாப்பும் இல்லை. சின்னம்மா எதிர்ச் சுவரிலிருந்த ரயில் நேர அட்டவணையை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினாள்.

“ரெண்டு அத்தியாயமும் முதல் நாளே முடிஞ்சுது,” என்றாள் பெற்றீசியா. “மற்றக் கிழமையெல்லாம் ஏன் வந்தனீங்கள் எண்டு நீங்கள் கேக்கேல்லையே?”

“கேட்டா... நான் ஏன் வந்தேன்னும் சொல்லணுமே. தோட்டத்து லயத்துல பொறந்தவன்ங்க நானு. உங்க வீட்டுல...”

“வீட்டிலை கதைக்கிறது என்ரை வேலை. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அப்பாவிட்டைச் சொல்லுவன். ‘மாட்டன்’ எண்டால் அடுத்த ஞாயிறும் சொல்லுவன். இப்ப கேளுங்கோ.”

அவன் ஓரடி முன்னால் வந்தான். “ஏன் வந்தீங்க?”

“உங்களைப் பாக்கத்தான்,” என்றாள் அவள். கண்களைத் தாழ்த்தவே இல்லை.