துடைக்காத ஜெல்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தால் முதலில் மூக்குதான் சாகும். பினாயில் ஒரு பக்கம், அதற்கு அடங்காத மூத்திரம் மறு பக்கம், நடுவில் யாரோ எடுத்த வாந்தியை மறைக்க யாரோ தெளித்த மலிவு சென்ட். பெயிண்ட் கடைக்காரன் நான். வருஷக்கணக்காகத் தின்னர் நெடியை இழுத்தும் சாகாத மூக்கு இது. அதுவே அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டது.

தள்ளுவண்டியில் கிடந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. தெருவில் அவன் பெயர் பீப்பாய். கடையில் அடுக்கியிருந்த பெரிய பெயிண்ட் டின்கள் சரிந்து அவன் வயிற்றின்மேல் விழுந்துவிட்டன. அந்த வயிறு தெருவின் பொதுச்சொத்து. வருகிற வாடிக்கையாளர்கள் அதைத் தட்டி, "எத்தனாவது மாசம்பா?" என்று கேட்ட பிறகுதான் பேரத்தையே தொடங்குவார்கள். "ரெட்டைப் புள்ள, டாக்டரே கைய விரிச்சிட்டாரு" என்று இவனும் சொல்வான்.

அன்றைக்கு அவன் முகம் வெள்ளையடித்த சுவராக இருந்தது.

"மச்சான், உள்ள ஏதோ ஊறுது" என்றான்.

"ஒண்ணும் இல்ல மாப்ள, காத்து" என்றேன். சரக்கு இல்லாதபோது "நாளைக்கு வந்துடும்" என்று சொல்கிற அதே குரல்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அவன் கையைத் தொட்டதும் முகம் மாறியது. "பிரஷர் இறங்குது. உள்ள ரத்தம் கசியுதான்னு உடனே பாக்கணும்."

"பெரிய ஸ்கேன்லயே போடுங்க டாக்டரம்மா. வேற எதுலயும் பேரம் பேசுவேன், இதுல பேச மாட்டேன்."

"அது அடுத்த கட்டடத்துல இருக்கு. இந்த நிலைமையில தள்ளிட்டுப் போனா வழியிலயே ஏதாவது ஆயிடும். இங்கயே பாத்துடலாம். ரத்தம் தெரிஞ்சா நேரா ஆபரேஷன்."

இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்தார். சவரம் செய்யும் மெஷின் அளவுக்கு ஒரு கைப்பிடி, ஒரு வயர், செல்போன் மாதிரி ஒரு திரை.

"இத்தனூண்டு சாமான்ல வயிறு பூரா தெரியுமா?"

"தேங்கின ரத்தம் கறுப்பா தெரியும். இதயம் துடிக்கிறது தெரியும். ஆனா குடல்ல காத்து இருந்தா மறைச்சிடும். கொஞ்சமா கசிஞ்சா சிக்காது. இருக்குன்னு காட்டினா நம்பலாம். இல்லன்னு காட்டினா முழுசா நம்பக் கூடாது."

சரக்கின் குறையைத் தானாக எடுத்துச் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மரியாதை வந்தது. பிறகு கருவியின் முனையைப் பார்த்தேன். வந்த மரியாதை வாசலோடு திரும்பிப் போனது.

முனையில், ஸ்கேனுக்கு வயிற்றில் தடவுகிற ஜெல் பழசாகி ஏடு கட்டியிருந்தது. மூடி துடைக்காத பெயிண்ட் டப்பாவில் படியுமே, அதே போல் சுருக்கம் விழுந்த தோல். பழுப்பு நிறம். விளிம்பில் மெல்லிய முடிகள். ஜெல் பாட்டில் அதைவிட மோசம். தீர்ந்துபோனதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி நீட்டியிருந்தார்கள். பெயிண்டில் நானே செய்யக் கூசுகிற வேலை. அதைப் பிதுக்கியதும் புர்ரென்று துப்பியது. ஒரு நாற்றம் எழுந்தது. கெட்டுப்போன பாலும் ரத்தமும் கலந்த நாற்றம்.

"மச்சான், இது வெதுவெதுன்னு இருக்கு" என்று முனகினான்.

கருவி அவன் விலாவுக்குக் கீழே ஊர்ந்தது. திரையில் சாம்பல் நிறப் புகை.

புகைக்குள் ஒரு வளைவு.

வளைவுக்குள், முத்துக் கோத்தது போல ஒரு பிஞ்சு முதுகெலும்பு.

அதற்குப் பக்கத்தில் ஏதோ படபடத்தது.

டாக்டர் கருவியை இடப் பக்கம் வைத்தார். அங்கேயும் அது இருந்தது. அடிவயிற்றில் வைத்தார். அங்கேயும்.

"பழைய படம் எதுவும் நின்னுடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல." அவர் குரல் இறங்கியிருந்தது. "இவர் மூச்சு விட்டா இதுவும் அசையுது."

நர்ஸ் மறைப்புத் துணியைப் பிடித்தபடி பின்னால் நகர்ந்தார். "டாக்டர், நீங்க லீவுல இருந்தப்போ வயித்து வலின்னு ஒரு நிறைமாசப் பொண்ணு வந்தா. இத வெச்சுத்தான் பாத்தாங்க. புள்ளைக்குத் துடிப்பு நல்லா இருக்கு, வெளிய பெஞ்சுல உக்காருன்னுட்டாங்க. நஞ்சுக்கொடி பிரிஞ்சு அதுக்குப் பின்னாடி ரத்தம் தேங்கினது இதுல தெரியல. பெஞ்சுலயே ரெண்டு உசுரும்..."

"அப்புறம் இத என்ன பண்ணீங்க?"

"இழுப்பறையில போட்டோம்."

"துடைக்காமலா?"

"இங்க அடுத்து எடுக்கிறவங்கதான டாக்டர் துடைச்சுக்கணும். எப்பவும் அப்படித்தான்."

மச்சினனின் கண்கள் மேலே செருகின. தலைமாட்டு மெஷின் கத்தத் தொடங்கியது.

"துடைங்க சிஸ்டர், சீக்கிரம்!"

"நான் தொட மாட்டேன்."

நான் பிடுங்கினேன். கைக்குட்டையால் தேய்த்தேன். வரவில்லை. நகத்தைக் கொடுத்துச் சுரண்டினேன். வெந்த தோல் உரிவது போல ஏடு உருண்டு உருண்டு வந்தது. மேலேதான் காய்ந்திருந்தது, உள்ளே கொழகொழவென்று ஈரம். அந்த ஈரத்தில் முடி. பிறந்த குழந்தையின் உச்சியில் ஒட்டிக்கிடக்குமே, அந்த முடி. என் நகக்கண்ணுக்குள் புகுந்து சுருண்டுகொண்டது. கையை உதறினேன்.

உருண்டைகள் நழுவி மச்சினனின் வயிற்றில் விழுந்தன.

ஒன்று தொப்புளுக்குள் போனது.

டாக்டர் புது பாட்டிலைப் பிரித்துக் கருவியை மறுபடி வைத்தார். வளைவு இல்லை. படபடப்பு இல்லை. தார் ஊற்றியது போலக் கறுப்பு.

"ரத்தம்! தியேட்டருக்குச் சொல்லுங்க!"

வண்டி பறந்தது. அவன் வயிற்றை யாரும் துடைக்கவில்லை. அங்கே துடைத்துக்கொள்வார்கள் என்று நானும்தான் நினைத்தேன். துடைத்தும் இருப்பார்கள். மேலே மட்டும்.

மண்ணீரல் கிழிந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். பிழைத்து வந்தான். வயிறு வற்றி, சட்டைகள் தொளதொளத்தன. "பாதி ஸ்டாக் காலி" என்று தெருவே சிரித்தது. அவனும் சிரித்தான்.

பிறகு வயிறு மெல்ல மெல்ல ஏறியது. ஸ்கேன் எடுக்கலாம் என்றால் எழுந்து போய்விடுவான். வாடிக்கையாளர் யாராவது, "எத்தனாவது மாசம்பா?" என்று தட்ட வந்தால் இரண்டு கைகளாலும் வயிற்றை மறைத்துக்கொண்டான். பதில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

நேற்று மதியம் கடை ஓய்ந்திருந்த நேரம். ரேக்குகளுக்கு நடுவே நின்று கூப்பிட்டான். சட்டையைத் தூக்கினான். தழும்புக்குப் பக்கத்தில் தொப்புள் பளபளவென்று நனைந்திருந்தது. சுற்றிலும் பழுப்பாக ஏடு கட்டியிருந்தது. கடையில் இருக்கிற தின்னர் மொத்தமும் சேர்ந்து அந்த நாற்றத்தை அமுக்க முடியவில்லை. பாலும் ரத்தமும்.

"காலையிலதான் துடைச்சேன் மச்சான். மறுபடி ஊறுது. நீங்க துடைச்சு விடுங்களேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை வைத்து அழுத்தினேன். அடியிலிருந்து, சரியாக என் உள்ளங்கைக்கு நேராக, ஒரு சின்னக் குதிகால் அழுந்தி நகர்ந்தது.

"மெதுவா மச்சான்," என்று கிசுகிசுத்தான். "இப்பத்தான் தூங்கிச்சு."