மோமோசே வீட்டுத் தண்ணீர்

காலை 11.40. பூட்டிப் போட்டுவிட்டுப் போன வீட்டுக்குள்ளிருந்து முத்திரை காணாமல் போயிருந்தது.

கட்டைவிரல் நீளம்தான். ஆனால் அரசாங்கத்தில் பதிவான அந்த முத்திரை பத்திரத்தில் விழுந்தால்தான் மோமோசே தாதாயோஷி தன் பூர்வீக வீட்டை விற்க முடியும். மூன்று மணிக்குப் பத்திர எழுத்தர் வருகிறார். மறுநாள் மோமோசேக்கு நகோயாவில் இருதய ஆபரேஷன். புது முத்திரை செதுக்கிப் பதிந்துவர இன்றைக்குள் முடியாது. பேசி வைத்த கெடு இன்றோடு முடிகிறது. ஓசாகாவில் ஒருவர் இந்த வீட்டின்மேல் கண்ணாகக் காத்திருக்கிறார்.

வாங்க வந்தவள் லின் பெய்யூ. தைவானில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். தைச்சுங்கில் இருந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு இரண்டு பெட்டிகளோடு வந்திருந்தாள். இன்று முத்திரை விழவில்லை என்றால் அவளுக்கு அங்கேயும் வீடில்லை, இங்கேயும் இல்லை.

அதற்காக வருந்த கராசாவா கிராமத்தில் ஆளில்லை. பன்னிரண்டு வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத வீடு, வெளிநாட்டுக்காரி ஒருத்தி ஆசைப்பட்ட நாளிலிருந்து மாளிகையாகிவிட்டது. ஊரே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

12.05. ஏட்டு உசுதா பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் வீட்டிலும் கொஞ்சம் புகைச்சல்தான். இந்தச் சமையலறையின் போட்டோவை இணையத்தில் பார்த்த அவர் மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

"முத்திரையை எதுக்கு வீட்டுல வெச்சுட்டுப் போனீங்க?"

"எல்லைக் கல்லைக் காட்டப் போனோம் ஏட்டய்யா. இடுப்பளவு பனி. பையிலேர்ந்து விழுந்துச்சுன்னா ஏப்ரல்லதான் கிடைக்கும்" என்றார் மோமோசே. "சாமி மாடத்து டிராயர்ல வெச்சுட்டு, பத்து மணிக்கு வாசலைப் பூட்டிட்டுக் கிளம்பினோம்."

"யார் யாரு?"

"நான், லின் அம்மா, புரோக்கர் நெகிஷி, பக்கத்து வீட்டு குவாபரா."

பூட்டு உடையவில்லை. ஜன்னல்கள் உள்ளே தாழிட்டபடி இருந்தன. வாசல் பாதையில் காலையிலேயே பனியை வாரிவிட்டதால் கால்தடமும் இல்லை.

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, நெகிஷிகிட்ட ஒண்ணு."

நெகிஷியின் முகம் வெளுத்தது. "பத்து அம்பதுலேர்ந்து கார்ல உக்காந்து போன் பேசிட்டிருந்தேன் சார். ஓசாகா பார்ட்டிதான். ஆனா நான் எடுக்கலை."

குவாபரா கேட்காமலே பேசினார். "நான் பத்து நாப்பதுக்கே வீட்டுக்குப் போயிட்டேன். கால் மரத்துப்போச்சு. எனக்கு எரிச்சல் இருக்கு, மறைக்கலை. இந்த வீடு என் பையனுக்குத்தான்னு நாங்க நெனச்சுட்டிருந்தோம். அதுக்காகத் திருட்டுப் புத்தி கிடையாது."

ஐந்தாவது ஆள் சமையலறை வாசலில் நின்றாள். மோமோசேயின் தங்கை கியோமி. இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். எல்லோரும் திரும்பி வந்தபோது கீரை ஊறுகாய்த் தட்டோடு வாசலில் காத்திருந்தாள்.

"நீங்க உள்ள வந்தீங்களாம்மா?"

"இவங்களோடதான் வந்தேன். அம்மா காரியத்துக்கு அப்புறம் இந்த வாசப்படியை மிதிச்சதில்லை. பன்னெண்டு வருஷமாச்சு. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இங்க என்ன வேலை?"

12.30. தேநீர் போடப் போன லின் காலிக் கெட்டிலோடு திரும்பினாள்.

"தண்ணி வரலை. காலையில வந்துச்சே."

"உறைஞ்சிருக்கும் மேடம்" என்றார் நெகிஷி.

"நான் அப்பவே சொன்னேன்ல? இந்த வீட்டுத் தண்ணியை நம்ப முடியாது" என்றார் குவாபரா. அவர் குரலில் அன்றைக்கு முதல் தடவையாக உற்சாகம் வந்தது.

லின் தன் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். வெளிநாட்டில், அதுவும் கிராமத்தில் வீடு வாங்குகிறவள் என்பதால் நாற்பது கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். எல்லை, பாதை உரிமை, கூரைப் பனி, கழிவுத் தொட்டி. பதினேழாவது தண்ணீர். நெகிஷி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, எல்லாவற்றுக்கும் டிக் அடித்திருந்தார்.

"ரெண்டு மணி நேரத்துல அப்படி உறையாது" என்று எழுந்தார் மோமோசே. "குழாய் உறையாம இருக்கத் தண்ணியை வடிக்கிற திருகைப் பாத்தாத் தெரிஞ்சுடும். குளியலறைச் சுவருக்கு வெளியே, பனிக்கு அடியில இருக்கு. மம்முட்டியைக் குடுங்க."

"ஆமா சார், எங்க குறிப்புலயும் அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் நெகிஷி.

"நான் தோண்டறேன், நகருங்க" என்றார் குவாபரா.

"அங்க எதுக்குண்ணா வீணாத் தோண்டிக்கிட்டு? இந்த உடம்போட. உள்ள வா" என்றாள் கியோமி.

உசுதா உள்ளேயே தேடினார். தரையில் முட்டிபோட்டுக் குழாயோடு குழாயாக ஊர்ந்தார். சமையலறைக் குழாய் முழுசாகத் திறந்து கிடந்தது. குளியலறையிலும் அப்படியே. கழிவறைத் தொட்டி காலி. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு திருகு இருந்தது. அதன்மேல் பிளம்பரின் ஸ்டிக்கர், நான்கு வருடத்துக்கு முந்தைய தேதியோடு.

திருப்பினார். குழாய்கள் இரண்டு தடவை செருமின. தண்ணீர் கொட்டியது. ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

1.30. "லின் அம்மா, கெட்டிலைக் காலியாவா வெச்சுட்டுப் போனீங்க?"

"இல்லை. ரொப்பி வெச்சுட்டுப் போனேன். வந்து பாத்தா கவுத்து வெச்சிருந்துச்சு."

"ஹீட்டரை?"

"அணைச்சுட்டேன்."

உசுதா எல்லோரையும் பார்த்தார். "உறைஞ்ச குழாய்னா திருகினதும் தண்ணி கொட்டாது. இது யாரோ வடிச்சுவிட்ட குழாய். முத்திரையைத் திருட வந்தவங்களுக்குக் குழாயில என்ன வேலை? வெளியே மைனஸ் பதினொண்ணு. உள்ளே ஹீட்டர் இல்லை. குழாய்ல தண்ணி நின்னா வெடிக்கும்னு மனசு அடிச்சுக்குது. அதான் கை தானாப் போய் வடிச்சிருக்கு."

"அந்தப் பழக்கம் இந்த ஊர்ல யாருக்குத்தான் இல்லை?" என்றார் குவாபரா.

"பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. இடம் தெரியணுமே. வீட்டுக்காரருக்கே தெரியலை. பழைய திருகு விரிசல் விட்டு, புதுசை உள்ளே மாட்டி நாலு வருஷமாச்சு. புரோக்கர் குறிப்புலயும் பழைய இடம்தான். நீங்களும் வெளியே தோண்டத்தான் கிளம்பினீங்க. ஒருத்தர்தான் 'வீணா'ன்னு சொன்னாங்க. அண்ணன் மேல அக்கறைன்னு நாம எல்லாரும் நெனச்சோம். அங்க திருகு இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்."

யாரும் ஊறுகாய்த் தட்டின் பக்கம் பார்க்கவில்லை.

"அன்னைக்குக் கதவைத் திறந்துவிட்டது யாருன்னு பிளம்பரைக் கேட்டேன். அவர் சொன்ன பேரை நானும் சொல்லணுமா, கியோமி அம்மா?"

கியோமி ஏப்ரன் பையிலிருந்து துணி உறையை எடுத்துப் பாயில் வைத்தாள். முத்திரை அதற்குள் இருந்தது. பக்கத்தில் சிவப்புக் கயிறு கட்டிய சாவி ஒன்றையும் வைத்தாள். அது அவள் அம்மாவின் சாவி.

"கேட்டிருந்தா உனக்கே குடுத்திருப்பேனே" என்றார் மோமோசே.

"நீ கேட்டியா? வேணுமாடின்னு ஒரு வார்த்தை? பன்னெண்டு குளிர்காலம் நான் வடிச்ச தண்ணி இது. நீ வர்றதுக்கு முன்னாடி திறந்துவிட்டு வெச்சதும் நான்தான். போட்டோ எடுத்துப் போட்டியே, அதுல பளபளன்னு தெரியற ஜன்னலெல்லாம் நான் தொடைச்சது." அவள் லின்னிடம் திரும்பினாள். "உங்க மேல பொறாமை எனக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்த போட்டோவை நீங்க பாத்தீங்கன்னு கேள்விப்பட்ட நாள்லேர்ந்து தூக்கமில்லை. கெடு இன்னையோட தாண்டிட்டாப் போதும்னுதான் எடுத்தேன்."

மோமோசே புகார் கொடுக்கவில்லை. காணாமல் போன பொருள் வீட்டிலேயே கிடைத்தது என்று உசுதா எழுதிக்கொண்டார். அதில் பொய்யில்லை.

3.10. முத்திரை பத்திரத்தில் விழுந்தது. தங்கை முகத்தைப் பார்க்காமலேயே மோமோசே பேனாவை மூடினார்.

லின் நோட்டைப் பிரித்து, பதினேழாவது கேள்விக்கு நேராக இருந்த டிக்கின் மேல் குறுக்கே கோடு போட்டாள். கியோமியின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தத் திருகை எப்படித் திருப்பணும்?"

கியோமி காற்றில் கையைத் திருப்பிக் காட்டினாள். "வலது பக்கம் முட்டற வரைக்கும். அப்புறம் அரைத் திருப்பு பின்னாடி. இல்லேன்னா கசியும்."

லின் எழுதிக்கொண்டாள். "வீடு என் பேருக்கு வந்துடுச்சு. இந்த அரைத் திருப்பு எந்தப் பத்திரத்துலயும் இல்லை. எனக்கும் உங்க மேல பொறாமையாத்தான் இருக்கு."

அவள் சிவப்புக் கயிற்றுச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கியோமியின் கண் அந்தக் கையோடேயே போனது.

"இனிமே கதவைத் தட்டிட்டு வாங்க. நாளைக்குக் காலையில."

"எத்தனை மணிக்கு?"

"சீக்கிரம் வாங்க. இன்னும் இருபத்து மூணு கேள்வி இருக்கு."