ளகரச் சலுகை

காலையில் பல் துலக்கியதும் கண்ணாடியைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "ஏழு கழனியிலும் மழை பொழிந்தது." கண்ணாடிக்குள் இருக்கும் நாக்காணி அதைக் கேட்டுப் பச்சை விளக்குக் காட்டும். பிறகுதான் காப்பி. நாடு முழுக்க இதுதான் வழக்கம். கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளை மழையைப் பொழியவைத்துவிட்டுத்தான் பட்டுவேட்டிக்குக் கை நீட்டுவார்.

மதுரையில் மட்டும் அது "ஏளு களனியிலயும் மளை பொளிஞ்சது" என்று பொழியும். தையல்நாயகி மாயவரத்துப் பெண். கல்யாணமாகி இருபது வருடமாக, கணவர் சோலைமலை அடுத்த அறையில் அதைச் சொல்லும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாள். "ழ வரலைன்னா விட்டுடுங்க, அதைப் போட்டு அடிக்காதீங்க" என்பாள். நாக்காணியை உருவாக்கிய நரம்பு விஞ்ஞானிகளில் அவளும் ஒருத்தி. ஆனால் வீட்டில் அந்தப் பட்டமெல்லாம் செல்லுபடியாகாது.

நாக்காணி காவல் இருப்பது ஒரே ஒரு நோய்க்கு: இயக்க நரம்புச் சிதைவு. நரம்பணுவின் உட்கருவுக்குள் இருந்து வேலை பார்க்க வேண்டிய ஒரு புரதம் வெளியேறி, மடிப்புக் கெட்டு, கட்டிதட்டிப் போகும். அணு சாகும். அது ஆட்டிவைத்த தசை சும்மா கிடக்கும். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. ஏன் வருகிறது என்று ஒற்றைக் காரணத்தைத் தேடித் தேடி ஆராய்ச்சியாளர்கள் ஓய்ந்தார்கள். சிலருக்குப் பரம்பரை. மற்றவர்களுக்கு வயதும் வாழ்க்கையும் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை. கடைசியாக, புரதத்தின் மடிப்பு கெடாமல் காக்கும் மடிப்பூசி வந்தது. நோயை அது நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும், ஆனால் போனதைத் திருப்பித் தராது. ஆகவே முந்திக்கொண்டு பிடித்தால்தான் உண்டு. நாக்கில் தொடங்குவதுதான் வேகமாகப் பரவும் என்பதால், நாக்கை அதிகம் சோதிக்கும் ழகரத்தைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள்.

முதல் வருடம் தென்மாவட்டங்கள் முழுக்கச் சிவப்பு விளக்கு. கல்லுக்குண்டு போல இருந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டி நின்று, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி திட்டினார்கள். சென்னையில் நாக்காணிக் குழு கூடி, தென்மாவட்டத்தார் ழவை ள என்றால் பொறுத்துக்கொள்ளும்படி நாக்காணிக்குச் சொல்லிக்கொடுத்தது. அதற்கு 'ளகரச் சலுகை' என்று பெயரும் வைத்தது. சலுகையா, எங்கள் நாக்குக்கா என்று மதுரைக்கு ரோஷம் வந்துவிட்டது. மெட்ரோ ரயிலின் அறிவிப்பு முழுவதும் ஊர்ப் பேச்சில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த குரல் சோலைமலையுடையது. "அடுத்த நிறுத்தம் பளங்காநத்தம்" என்று அது கணீரென்று சொல்லும்போது ஊரே மார்தட்டிக்கொண்டது.

அந்தக் காலை வரை.

"ஏழு கழனியிலயும் மழை பொழிஞ்சது" என்று அடுத்த அறையிலிருந்து கேட்டது. தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் பச்சை விளக்கோடு, சுத்தமான ழகரத்துக்கு மட்டும் பூக்கும் பொன்னிறப் பூவும் பூத்திருந்தது. சோலைமலைக்கே ஆச்சரியம். தானாக வந்தது என்றார். அவள் அன்று கேசரி கிளறினாள்.

அந்த வாரம் அவர் மெட்ரோவின் புதிய ரயில்களுக்காகப் பதிவு செய்துவிட்டு வந்தார். நண்பர்கள் கேலி செய்தார்கள். மாமியார் வீட்டுத் தமிழ் ஒட்டிக்கொண்டது என்றார்கள். நாளை என்பதையும் அவர் "நாழை" என்றார், தோளைத் "தோழ்" என்றார். புது விளக்குமாறு நன்றாகப் பெருக்கத்தானே செய்யும் என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

புதிய ரயில்கள் ஓடத் தொடங்கிய அன்று அவள் ஒன்றில் ஏறி வேலைக்குப் போனாள். "அடுத்த நிறுத்தம் பழங்காநத்தம்." பக்கத்தில் நின்றவர் முகம் சுளித்தார். ஆளை மாற்றிவிட்டார்கள் போல என்றார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இறங்கி நடைமேடையில் நின்றபோது எதிர்ப்பக்கம் பழைய ரயில் ஒன்று வந்தது. திறந்த கதவு வழியே அவருடைய பழைய குரல் "பளங்காநத்தம்" என்றது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டபோது வித்தியாசம் உறைத்தது. பழைய குரலில் நாக்கு அண்ணத்தில் பட்டு மீண்டது. புதியதில் படவே இல்லை.

அவள் அங்கேயே நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ள. நாக்கு மேலே ஒட்டியது. ழ. ஒட்டாமல் நின்றது. ழகரம் வந்தவர் ளகரத்தை ஏன் விட வேண்டும்? நாளை ஏன் நாழை ஆக வேண்டும்? வேலையிடம் சேர்ந்ததும் சென்னைக் குழுவைத் திரையில் அழைத்து, தன் சந்தேகத்தைச் சொன்னாள்.

குழுத் தலைவர் திருவேங்கடம் திரையில் பொறுமையாகக் கேட்டார். நோய் வந்தால் உச்சரிப்பு கெடும், யாருக்காவது திருந்துமா என்றார்.

"சார், ள சொல்லணும்னா நாக்கு அண்ணத்தைத் தொடணும். ழவுக்குத் தொட வேண்டாம். இவர் புதுசா எதையும் கத்துக்கல. இவரால தொட முடியல. பூப் பூத்து நாம பாராட்டினது அதைத்தான்."

அவர் உடனே, தசையில் ஊசி செருகி நரம்பின் நிலையைப் பார்க்கும் ஊசிமுனைச் சோதனை செய்யச் சொன்னார். பழைய ரயில் அறிவிப்புகளை அளவுகோலாக வைத்து அவள் புதியவற்றை அளந்தாள். ஊசிமுனைச் சோதனையில் நாக்குத் தசையில் சன்னமான துடிப்பு இருந்தது. நோய்தான். மிக ஆரம்பம். இத்தனை ஆரம்பத்தில் யாரையும் பிடித்ததில்லை.

முடிவை அவளே வந்து சொன்னாள். சோலைமலை கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நான் தமிழ் கத்துக்கலையா?"

"இல்லைங்க."

"என் பழைய பேச்சுதேன் காட்டிக் குடுத்துச்சா?"

"அதுதாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின்ன? மருதக்காரன் நாக்கு, சும்மாவா?" என்றார். அவள் அழுதாள், அவர் அழவில்லை.

மடிப்பூசி நோயை நிறுத்தியது. சாப்பாடு, சிரிப்பு, சண்டை எல்லாம் அப்படியே இருந்தன. ளகரம் மட்டும் திரும்பவில்லை. சலுகை ஒழிந்தது. சரியான உச்சரிப்பு என்ற ஒன்றே நாக்காணிக்கு இனி கிடையாது. அவரவர் நாக்கை அவரவர் நேற்றைய நாக்கோடுதான் அது ஒப்பிட வேண்டும். தென்மாவட்டங்களில் அந்த வருடம் முன்கூட்டியே பிடிபட்டவர்கள் ஏராளம். மெட்ரோ புதிய பதிவை நீக்கிப் பழையதையே எல்லா ரயிலிலும் போட்டது. பயணிகள் கைதட்டினார்கள்.

வீட்டில்தான் வெறிச்சென்றிருந்தது. ஒரு காலை, அடுத்த அறையிலிருந்து வந்த சுத்தமான ழகரத்தைக் கேட்டுவிட்டு, தையல்நாயகி கண்ணாடி முன் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏளு களனியிலயும் மளை பொளிஞ்சது."

சிவப்பு விளக்கு எரிந்தது. இது உங்கள் நாக்கு போல இல்லையே, உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று நாக்காணி பதறியது.

சோலைமலை வாசலில் வந்து நின்று, கண் கலங்கச் சிரித்தார்.

"இருபது வருசமா என்னைய திருத்தி, கடைசில நீ எங்க ஊர்க்காரி ஆயிட்ட. அவ்ழோதேன்."