இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

பத்து நாள் டூட்டி முடிந்து நான் வீடு வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. பேய்க்கதை என்றால் இருட்டும் மழையும் வேண்டும் என்பார்கள். எங்கள் தெருவில் அன்று நல்ல வெயில். மாடிப்படிக் கம்பியில் யாரோ போர்வை உலர்த்தியிருந்தார்கள். பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தபோது கைபேசியில் தம்பியின் குரல் வந்தது.

“இடது பக்கம் புரண்டு படுத்துட்டேன்கா.”

வழக்கம்போலக் கடைசியில் ஒரு சின்னக் கொட்டாவி. “சரிடா, வாசல்லதான் நிக்கிறேன்” என்று முனகிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

நாற்றம் முகத்தில் அறைந்தது.

நான் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. மூத்திர வாடை, மருந்து வாடை, புண் அழுகும் வாடை எல்லாவற்றையும் மூக்கு தனித்தனியாகச் சொல்லிவிடும். இது அதையெல்லாம் தாண்டிய வாடை. தெரிந்துவிட்டது. தெரிந்தும் பையைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றி, ஒழுங்காக ஓரமாக வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன்னால், பழுது பார்க்கப் போன இடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இப்படி இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பின் பாரமே சதையை நசுக்கிப் புண்ணாக்கிவிடும். நமக்கென்றால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். அவனுக்குத்தான் வலிக்காதே.

கைகளில் நல்ல பலம் இருந்தது. அதனால் கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியிலும் தடிமனான கயிறு கட்டிக் கொடுத்திருந்தேன். அதைப் பிடித்து இழுத்து அவனே புரண்டுகொள்வான். நான் வெளி வேலையில் இருக்கும்போது, ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் என்று குரலில் சொல்லி அனுப்ப வேண்டும். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறொரு உலகத்துக்குள் கொண்டுபோகும் அந்த ஹெட்செட்டை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். வேறு யாரையும் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு நாள், தான் ஓடிய பழைய பந்தயம் ஒன்றைக் காட்ட என் தலையிலும் மாட்டிவிட்டான். “பாரேன் அக்கா, ஒரே ஒரு தடவை!” பார்த்தேன். கடலோரச் சாலை. காற்று மரங்களை அசைத்தது. என் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஆமாம், நின்றுகொண்டிருந்தான்! அதே சுருட்டை முடி, அதே கோணல் சிரிப்பு. அங்கே எல்லோரும் அவனை ‘ஓட்டக்காரன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். விசில் ஊதியதும் ஓடினான் பாருங்கள். மூன்று வருஷமாகக் கட்டிலில் கிடந்தவன் படிக்கட்டையெல்லாம் மூன்று மூன்றாகத் தாண்டினான். நான் ஹெட்செட்டுக்குள்ளேயே அழுதேன். அதனால், இதெல்லாம் வெட்டி வேலை என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அதன் ருசி எனக்குத் தெரியும்.

அங்கே ‘பதிலாள்’ என்று ஒரு வசதி உண்டு. நாம் தூங்கும்போதோ சாப்பிடும்போதோ அங்கே நமக்கென்று இருக்கும் உருவம், அவதார் என்பார்கள், அது தானாகவே நம்மைப் போலப் பேசும், நடக்கும், ஜோக் அடிக்கும். ஒரு மாதம் நம் குரலைக் கேட்டுப் பழகிவிட்டால் போதுமாம், எதிரில் இருப்பவனுக்கு வித்தியாசமே தெரியாது. கைபேசியையும் அதனிடம் ஒப்படைத்துவிடலாம். வரும் செய்திக்கெல்லாம் அதுவே பதில் சொல்லும், வாசலில் யாராவது கூப்பிட்டாலும் கைபேசி வழியாக அதுவே பேசும்.

என் தம்பி எதை ஒப்படைத்தான் தெரியுமா? எனக்குச் சொல்ல வேண்டிய பதிலை.

புரண்டு படுக்க வேண்டுமானால் ஹெட்செட்டைக் கழற்ற வேண்டும், கயிற்றை இழுக்க வேண்டும், தலையணையை நகர்த்த வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தில் பந்தயம் போய்விடுமாம். காலே இல்லாத அந்த ஓட்டத்துக்காக முதுகை விட்டுக்கொடுத்தான், மடையன்.

நான் அறைக்குள் போனேன்.

மல்லாந்து கிடந்தான். இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. ஹெட்செட் முகத்தை மூடியிருந்தது. ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கயிறுகள் இரண்டிலும் தூசி படிந்திருந்தது.

என் கையில் கைபேசி இருந்தது. அதில் ‘இடது பக்கம்’ என்று வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இறந்து இரண்டு நாளுக்கு மேல் இருக்கும் என்றார் டாக்டர். முதுகின் அடியில் புண் எலும்புவரை போயிருந்தது. அதிலிருந்து ரத்தமெல்லாம் விஷமாகியிருக்கிறது. எதிர்வீட்டு அக்காதான், நான் கொடுத்த இன்னொரு சாவியால் திறந்து, தினமும் சாப்பாடு கொண்டுவருவாள். அவளைக் கேட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

“ரெண்டு நாளா கதவைத் தட்டினா உள்ள இருந்து பேசுச்சே! ‘வேணாம்கா, சாப்டாச்சு, ஓடிட்டிருக்கேன்’னு சிரிச்சுச்சும்மா!” என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளும் எனக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குரல் வந்தது. நான் அங்கே யாரோ ஒரு பெரியவரை, பணக்கார வீட்டுப் பெரியவரை, கடிகாரம் பார்த்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. அந்த வீட்டு அம்மா எனக்குக் கைகொடுத்துப் பாராட்டினாள்.

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்றுதான். நோயாளியிடம் கேட்காதே, துணியை விலக்கிப் பார். பதினாறு வருஷமாக யார் சொன்னதையும் நம்பாமல் நானே பார்த்திருக்கிறேன். சொந்தத் தம்பியிடம் மட்டும் கேட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். ஒரு வீடியோ போட்டு முதுகைக் காட்டுடா என்று சொல்லியிருந்தால் போதும். எங்கே போய் முட்டிக்கொள்வது நான்?

எல்லாக் காரியமும் முடிந்து நாலாம் நாள், கணக்கை மூட வேண்டும் என்று அந்த ஹெட்செட் கம்பெனிக்குப் போன் செய்தேன். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள்.

“மேடம், அவங்க இப்பவும் லாகின்ல இருக்காங்களே?”

“செத்துட்டான்மா. நான்தான் குளிப்பாட்டினேன்.”

“ஒரு நிமிஷம் மேடம், அவங்ககிட்டயே கன்ஃபர்ம் பண்ணிக்கிறேன்.” ஏதோ தட்டும் சத்தம். “நல்லா இருக்கேன்னு சொல்றாங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

ஹெட்செட்டை எடுத்துத் துடைத்து நானே மாட்டிக்கொண்டு, என் பெயரில் விருந்தாளியாக உள்ளே போனேன். கடலோரச் சாலை. கூட்டம். நடுவில் அவன், குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“டேய்! அக்காடா! நீ செத்துட்டடா!”

எல்லோரும் திரும்பினார்கள். சிறகு வைத்தவன் ஒருத்தன், நீல முடிக்காரி ஒருத்தி, தலைக்குப் பதில் விளக்கு வைத்திருந்த ஒருத்தன்.

“யாருப்பா இந்தம்மா?”

“ஓட்டக்காரனோட அக்காவாம்.”

“இங்கதானே நிக்கிறாரு? என்னம்மா உளர்றீங்க?”

“உங்ககூடத்தானேடா ராப்பகலா ஓடினான்?” என்று கத்தினேன். “ரெண்டு நாள் ஒரு பொணத்தோட பேசியிருக்கீங்க! ஒருத்தனுக்குக்கூடத் தெரியலையா? ஒருத்தனுக்குக்கூடவா?”

யாரோ சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். “எங்க அக்கா எப்பவும் இப்படித்தான்” என்று என் தோளில் கைபோட்டுக் கூட்டத்திலிருந்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். ஒரு பதிலாள் செய்யக்கூடியதுதான். பழக்கத்தில் வந்ததுதான்.

பிறகு என் காதருகே குனிந்தான்.

கோணல் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

“இவங்க முன்னாடி சொல்லாதக்கா.”

ஹெட்செட்டைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். அம்மிக் குழவியை எடுத்துவந்து நசுக்கினேன். அவன் கைபேசியையும் நசுக்கினேன். என்னுடையதை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நசுக்கியதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் நானே போய்ப் போட்டேன். மெத்தையை வெயிலில் காயப்போட்டு, புது விரிப்பு மாற்றி, சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினேன். அது கை செய்த வேலை. பதினாறு வருஷப் பழக்கம்.

மணி இரண்டு. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கட்டில் முனகியது.

குழாயை மூடினேன்.

பீரோவில் அணைந்து கிடந்த என் கைபேசியைத் தவிர வீட்டில் பேசக்கூடிய பொருள் எதுவும் இல்லை. ரேடியோகூட இல்லை.

“அக்கா.”

கொட்டாவி இல்லை. சிரிப்பு இல்லை. பற்களைக் கடித்துக்கொண்டு பேசும் குரல். விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் கேட்டேனே, அதே குரல்.

“முதுகு எரியுதுக்கா.”

நான் நகரவில்லை.

“ரொம்ப எரியுது. எனக்கு இழுக்க முடியலக்கா. நீ வந்து புரட்டி விடு.”

பொறுக்க முடியாத கோபம் வந்தது. பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. “இப்ப கூப்பிடறியே!” என்று அலறினேன். “பத்து நாளா எங்கடா போச்சு இந்த வாய்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?” ஈரக் கையோடு அறைக்குள் ஓடினேன்.

யாரும் இல்லை. வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது.

விரிப்பின் நடுவில் மல்லாந்து கிடக்கும் ஆளின் அளவுக்கு ஒரு பள்ளம்.

இடது பக்கக் கயிறு விறைத்துக்கொண்டு ஆடியது. யாரோ பிடித்து இழுக்க முயன்று முயன்று விட்டுவிடுகிறார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியிருக்க வேண்டுமாம். நான் கட்டிலருகே போனேன். ஒரு கையைத் தோள் இருக்கும் இடத்துக்கு அடியிலும், இன்னொன்றை இடுப்பு இருக்கும் இடத்துக்கு அடியிலும் கொடுத்தேன்.

எடை இருந்தது.

என் கைகளுக்கு அந்த எடை தெரியும். மூன்று வருஷம் தூக்கிய எடை. மெதுவாகப் புரட்டினேன். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்தேன். கயிறு தளர்ந்து தொங்கியது. யாரோ மூச்சை விட்டார்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது, புது விரிப்பில், அவன் முதுகு இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாக ஒரு கறை.

வெளி டூட்டிக்கு நான் இப்போது போவதில்லை. வரச்சொல்லிக் கேட்பவர்களிடம் வீட்டில் ஒரு நோயாளி இருப்பதாகச் சொல்லிவிடுகிறேன். புண்ணை நான் கண்ணால் பார்க்க முடியவில்லை. விரிப்பை மாற்றும்போது கறையின் அளவை மட்டும் பார்க்கிறேன். அது இன்னும் சிறிதாகவில்லை. இப்போது வலது பக்கம் படுக்க வைத்திருக்கிறேன், நாலு மணிக்கு இடது பக்கம்.